முதல் பருவத்திலேயே ஒரு நோட்டு

எந்த எம்.பி.ஏ.வில் சேர்வது என்பதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். சேர்ந்தாயிற்று என்று வைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இன்னும் சேராதவர்களுக்கு ஒரே ஒரு நினைவூட்டல். தொலைநிலைக் கல்வியோ இணையவழிக் கல்வியோ எதுவானாலும், அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி உண்டா என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் நீங்களே பாருங்கள். பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டதும் பணம் கட்டிவிடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். தலைமைப் பண்பு என்று ஒரு பாடம் இருக்கும், ஆய்வு முறையியல் என்று இன்னொரு பாடம் இருக்கும். இரண்டிலும் தேர்ச்சி பெற்றவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அந்த இரண்டு பாடங்களும் உண்மையில் ஒன்றாக உடம்பில் ஊறுகிற இடம் நான்காம் பருவத்துப் புராஜெக்ட்தான். நம் ஊரில் அதிகம் வீணாவதும் அதுவே. ஊழியர் மனநிறைவு பற்றி ஓர் ஆய்வு, வாடிக்கையாளர் திருப்தி பற்றி ஓர் ஆய்வு என்று ஒரு தலைப்பு. நூற்றிருபது பேரிடம் கூகுள் படிவம். அவர்களில் பாதிப் பேர் வகுப்புத் தோழர்கள். சதவீதப் பகுப்பாய்வு, கை-ஸ்கொயர், வட்ட வரைபடம். கடைசியில் "நிறுவனம் பயிற்சி தர வேண்டும்" என்று பரிந்துரை. அதையும் புராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்துச் செய்துகொள்கிறவர்கள் உண்டு. இரண்டு வருடம் கட்டணம் கட்டியவர், தன் படிப்பின் மிகச் சிறந்த மூன்று மாதங்களைக் கூலிக்கு விட்டுவிடுகிறார். எனக்கு இது உண்மையிலேயே வேதனை தரும் விஷயம்.

இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றைத்தான். புராஜெக்டை நான்காம் பருவத்தில் தொடங்காதீர்கள். முதல் பருவத்தில் தொடங்குங்கள். நடந்து போகும் தூரத்தில் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள்.

அடி அண்ணாமலையில் ஒரு மோர்க்கடை

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு படிக்கிறவர் என்று உங்களை வைத்துக்கொள்கிறேன். வங்கியில், கூட்டுறவுச் சங்கத்தில், ஜவுளிக்கடையில், பள்ளி அலுவலகத்தில், எங்கு வேலை பார்த்தாலும் பரவாயில்லை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே; அடி அண்ணாமலை அதற்கு நேர் பின்புறம், மேற்கே. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று சைவ மரபு சொல்லும் ஊர். அவருக்கு அங்கே தனிக் கோயிலும் உண்டு. ராஜகோபுரத்தில் புறப்பட்டு மலையை வலமாக வருகிறவர் அடி அண்ணாமலையை அடையும்போது ஏறக்குறைய பாதித் தூரத்தைக் கடந்திருப்பார். வெறுங்கால், வியர்வை, தாகம். உட்கார வேண்டும், எதையாவது குடிக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பகுதியில் மோர், இளநீர், சுண்டல், டீ என்று கடைகள் வரிசை கட்டுகின்றன.

நிர்வாகப் படிப்புக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைப்பது அரிது. பௌர்ணமி வந்தால் ஒரே இரவில் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். மறுநாள் பாதை காலியாகிவிடும். அடுத்த மாதம் மறுபடியும் அதே. வருடத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமி, சில வருடங்களில் பதின்மூன்று. இரண்டு வருடப் படிப்பில் நான்காம் பருவம் தொடங்கும்போது, முதல் மாதத்திலிருந்தே எழுதியவர் கையில் சுமார் பதினெட்டுப் பௌர்ணமிகளின் கணக்கு இருக்கும். நான்காம் பருவத்தில்தான் தொடங்கினேன் என்பவர் கையில் மூன்று இருக்கும். மூன்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்த நிலைமைதான் மாணவர்களைக் கூகுள் படிவத்தை நோக்கித் தள்ளுகிறது.

மோர்க்கடை அக்காவிடம் போய், "போன பௌர்ணமிக்கு எவ்வளவு தயிர் வாங்கினீங்க?" என்று கேட்டால் இப்படித்தான் பதில் வரும்: "யாரு கணக்கு வெச்சிருக்கா தம்பி? ரெண்டு அண்டா கலக்குவோம். தீந்துட்டா கடையக் கட்டிடுவோம். மிஞ்சுனா கொட்டுவோம்."

இந்த நான்கு வாக்கியங்களில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. இரண்டாம் பருவத்து இயக்க மேலாண்மைப் பாடத்தில் இதை நியூஸ்வெண்டர் மாதிரி என்பார்கள். இன்று எவ்வளவு விற்கும் என்று தெரியாத, மிஞ்சினால் நாளைக்கு அதே விலைக்கு விற்க முடியாத எல்லாச் சரக்குக்கும் பொருந்தும் மாதிரி அது. கணக்கு எளிது. ஒரு டம்ளர் மோர் 20 ரூபாய், அடக்கவிலை 8 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைப்போம். தீர்ந்துபோய் ஒரு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டால் இழப்பு 12 ரூபாய். ஒரு டம்ளர் மிஞ்சிக் கொட்டினால் இழப்பு 8 ரூபாய். 12-ஐ 12-உம் 8-உம் சேர்ந்த 20-ஆல் வகுத்தால் 0.6. அதாவது பத்துப் பௌர்ணமிக்கு ஆறு பௌர்ணமியில் போதுமான அளவு, நான்கில் தீர்ந்துபோகும் அளவு: அதுதான் கடைக்கு லாபமான அளவு. பன்னிரண்டு பௌர்ணமித் தேவையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் எட்டாவது எண்ணை எடுத்துக்கொள்ளலாம். தீர்ந்துபோவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்று கணக்கு சொல்கிறது.

பக்கத்து இளநீர்க் கடைக்குப் போனால் விடை மாறிவிடும். 30 ரூபாய்க்கு வாங்கி 50-க்கு விற்கிறார். மிஞ்சியதை மறுநாள் 25-க்குத் தள்ளிவிட முடியும் என்று வைப்போம். தீர்ந்தால் இழப்பு 20, மிஞ்சினால் 5. விகிதம் 0.8. பன்னிரண்டில் பத்தாவது எண். அதே பாதை, அதே கூட்டம், அதே இரவு. ஆனால் இளநீர்க்காரர் தாராளமாக இறக்க வேண்டும், மோர்க்காரர் அளந்து கலக்க வேண்டும். இந்த வித்தியாசம் கடைக்காரர்களுக்கு அனுபவத்தில் ஓரளவு தெரியும். எவ்வளவு என்று தெரியாது. உங்கள் படிப்பு சேர்க்கக்கூடியது அந்த 'எவ்வளவு'தான்.

எண்ணும்போது கவனிக்க வேண்டியவை

கணக்கைவிடக் கணக்குக்குள் போகிற எண்தான் கடினம். ஆய்வுப் பழக்கம் என்று நான் சொல்வது இங்கேதான் தொடங்குகிறது.

இரவு பதினோரு மணிக்குத் தயிர் தீர்ந்து கடை கட்டிவிட்டார்கள் என்றால், நோட்டில் "500 டம்ளர்" என்று இருக்கும். அன்று விற்றது 500. கேட்டு வந்தவர்கள் 500 இல்லை. பன்னிரண்டு வரைக்கும் கடை இருந்திருந்தால் 600 போயிருக்கலாம், 700 போயிருக்கலாம். விற்பனையைத் தேவை என்று எழுதிவிட்டால் கூட்டம் மிகுந்த இரவுகள் எல்லாம் நோட்டில் சிறியதாகத் தெரியும். வருகிற விடை தவறிப்போகும். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் அவசியம்: எத்தனை மணிக்குத் தீர்ந்தது? தீராவிட்டால் எவ்வளவு மிச்சம்? தீர்ந்துபோன இரவுகளை வேறு மையில் எழுதுங்கள். ஆராய்ச்சி இதழ்களில் இந்தச் சிக்கலைப் பற்றியே தனியாகக் கட்டுரைகள் உண்டு. அதை ஒரு மோர் அண்டாவில் நேரில் பார்த்தவர் அந்தக் கட்டுரைகளைப் படிக்கும் விதமே வேறாக இருக்கும்.

டம்ளரை எப்படி எண்ணுவது? கழுவிக் கழுவிக் கொடுக்கிற டம்ளரை எண்ண முடியாது. காகிதக் கோப்பையென்றால் எண்ணலாமே என்று தோன்றும். பிளாஸ்டிக் பூச்சுள்ள கோப்பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் அந்த வழியை நம்ப வேண்டாம். தயிரை எண்ணுங்கள். எத்தனை லிட்டர் வந்தது, ஒரு லிட்டர் தயிருக்கு எத்தனை டம்ளர் மோர் என்பதை ஒருமுறை கூடவே நின்று அளந்துவிட்டால் போதும்.

பௌர்ணமி என்றால் எல்லாம் ஒன்று அல்ல. திதி எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடிகிறது என்பதைப் பொறுத்துக் கூட்டம் ஒரே இரவில் குவியும் அல்லது இரண்டு நாளாகப் பிரியும். கிரிவலத்துக்கு உகந்த நேரம் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுங்கள். சனி, ஞாயிறா? மழையா? சித்ரா பௌர்ணமியா? கார்த்திகை தீபத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அது தனி உலகம், தனிப் பக்கம். எவற்றை ஒன்றாக வைத்துக் கூட்டலாம், எவற்றைப் பிரிக்க வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் ஆய்வில் பாதி வேலை. கை-ஸ்கொயர் அட்டவணை இந்த முடிவை உங்களுக்காக எடுக்காது.

வேறு கேள்வி பிடித்திருந்தால் அதையும் எடுக்கலாம். அன்னதான வரிசையில் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கேட்டால், ஒவ்வொருவரிடமும் கடிகாரம் கொடுத்தனுப்ப வேண்டியதில்லை. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது: வரிசையில் நிற்போர் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்பதால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். 600 பேர் நிற்கிறார்கள், நிமிடத்துக்கு 20 பேர் சேர்கிறார்கள் என்றால் அரை மணி நேரம். வரிசை வளர்ந்துகொண்டோ குறைந்துகொண்டோ இல்லாமல் ஒரே சீராக ஓடும் நேரத்தில் எண்ண வேண்டும், அவ்வளவுதான். குப்பை, செருப்பு, ஆட்டோக் கட்டணம், விடியற்காலைப் பேருந்து என்று கேள்விகளுக்கு இந்தப் பாதையில் பஞ்சமில்லை.

பதவி இல்லாத தலைமை

நோட்டுக்கு ஆறு கடைகளை எடுத்துக்கொண்டீர்கள் என்று வைப்போம். அந்த ஆறு கடைக்காரர்களைப் பதினெட்டு மாதம் நோட்டு எழுத வைப்பது எப்படி? உங்களுக்கு அவர்கள் மேல் எந்த அதிகாரமும் இல்லை. சம்பளம் தரப்போவதில்லை. அவர்களுக்கு நேரமும் இல்லை. பௌர்ணமி இரவுதான் அவர்களுடைய மாத வருமானம். இந்தச் சூழ்நிலையில் ஆறு பேரைக் கூடவே வைத்திருக்கத் தெரிந்தவருக்கு நாளைக்கு அறுபது பேர் கொண்ட கிளையைக் கொடுத்தாலும் சமாளிப்பார்.

முதல் இரண்டு பௌர்ணமிக்குக் கடையில் நோட்டையே எடுக்காதீர்கள். போய் நில்லுங்கள், ஒரு கை கொடுங்கள், பாத்திரம் நகர்த்த உதவுங்கள். லாபம் எவ்வளவு என்று கேட்கவே கேட்காதீர்கள், லிட்டரைக் கேளுங்கள். லாபக் கேள்வி வந்த நொடியிலேயே நீங்கள் வரி அதிகாரி மாதிரி ஆகிவிடுவீர்கள். எழுதும் வேலையை அவர்கள் தலையில் கட்டாமல், மறுநாள் காலை ஒரு போன் போட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவின் பையனோ பொண்ணோ பள்ளியில் படித்தால், அவர்கள் கையில் நோட்டைக் கொடுப்பது இன்னும் நல்லது; வீட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளை கிடைத்த மாதிரி.

நான்காவது மாதத்துக்குள் அவர்களுக்கு ஏதாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே தாளில், தமிழில், பெரிய எழுத்தில்: உங்கள் கடையில் இந்த நான்கு பௌர்ணமியில் இவ்வளவு வந்தது, இவ்வளவு கொட்டினீர்கள், இத்தனை மணிக்குத் தீர்ந்தது. அவரவர் கடைக் கணக்கு அவரவருக்கு மட்டும். பக்கத்துக் கடையின் எண்ணை வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. ஒருமுறை சொல்லிவிட்டால் ஆறு பேரும் போய்விடுவார்கள், போவதும் நியாயம்தான்.

ஆய்வறம் என்று பாடத்தில் ஒரு பக்கம் வரும். இங்கே அது ஒரு பக்கத்தோடு முடியாது. சாலையோரக் கடை பலவும் நிரந்தர உரிமம் இல்லாதவை. எந்தக் கடை எந்த இடத்தில், எத்தனை மணி வரை, எவ்வளவு விற்கிறது என்ற உங்கள் அட்டவணை தவறான கையில் போனால் அவர்களுடைய பிழைப்பையே தொடும். எனவே நோட்டில் பெயர் வேண்டாம். கடை அ, கடை ஆ என்று எழுதுங்கள். இடத்தைக் குறிக்கும் வரைபடத்தை அறிக்கையில் சேர்க்காதீர்கள். எதற்காக எழுதுகிறேன், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி, அவர்கள் சம்மதத்தைக் கேளுங்கள். கையெழுத்துக் கேட்டால் பயப்படுகிறவர்களிடம் வாய்ச் சம்மதம் போதும்; சாட்சிக்கு ஒருவர் இருக்கட்டும்.

விடை வந்த பிறகுதான் மிகக் கடினமான கட்டம். "நீங்கள் இவ்வளவு நாள் அதிகம் கலக்கிக்கொண்டிருந்தீர்கள்" என்று முப்பது வருடம் கடை நடத்தியவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாதீர்கள். எண்களை வரிசையாக வைத்துவிட்டு, "இதில் உங்களுக்கு எது தப்பாகத் தெரிகிறது?" என்று கேளுங்கள். நீங்கள் கவனிக்காத காரணம் ஒன்று அங்கே வெளிவரும். எதிரே அன்னதானப் பந்தலில் இலவச நீர்மோர் கொடுத்த மாதம் அது, அல்லது பாதையை வேறு பக்கம் திருப்பிவிட்ட இரவு அது. உங்கள் மாதிரியில் இல்லாத மாறி அவருடைய ஞாபகத்தில் இருக்கும். கிறிஸ் ஆர்கிரிஸ் 1991-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை ஒன்று இதைத் திருப்பிப் போட்டுச் சொல்கிறது: நன்றாகப் படித்தவர்கள்தான் கற்றுக்கொள்வதில் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் தோற்றுப் பழக்கமில்லாததால் தங்கள் அனுமானம் தவறு என்று கேட்டதும் தற்காப்புக்குப் போய்விடுகிறார்கள். எம்.பி.ஏ. மாணவர் ஒவ்வொருவரும் முதல் பருவத்தில் ஒருமுறை, கடைசிப் பருவத்தில் ஒருமுறை அதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மதுரையில் நடந்தது

இவையெல்லாம் சிறிய கடைகளுக்குத்தானே என்று தோன்றலாம். தமிழ்நாட்டு நிறுவனங்களில் உலகம் முழுக்க வணிகப் பள்ளிகள் பாடமாக வைத்திருப்பது அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இல் அதைப் பற்றிய வழக்காய்வை வெளியிட்டது. கோயம்புத்தூரில் பிறந்து, ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் படித்து, மிச்சிகனில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத் 2004-இல் வெளியிட்ட நூலிலும் அரவிந்த் இடம்பெற்றது. ஒரே அறையில் அடுத்தடுத்த மேசைகள், மருத்துவர் ஓர் அறுவையை முடித்ததும் அடுத்த நோயாளி தயாராக இருப்பது, பணம் கட்டுவோரின் வருமானத்தில் கட்ட முடியாதோருக்குச் சிகிச்சை என்று அந்த முறையைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுவது வேறு. ஊர் ஊராகக் கண் முகாம் நடத்துவதில் புகழ்பெற்றவர்கள், அந்த முகாமையே ஆய்வுக்கு எடுத்தார்கள். முகாமுக்கு வந்தவர்களை எண்ணாமல், கிராமங்களில் கண் கோளாறு உள்ளவர்களைத் தேடிப்போய் அவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வின் விடை: சுமார் 7 சதவீதம். ஐ.ஐ.எம். கல்கத்தாவில் நிர்வாகம் படித்துவிட்டு அரவிந்தில் சேர்ந்த ஆர்.டி. துளசிராஜ் அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். முகாம்களில் கூட்டம் வழிந்துகொண்டிருந்த காலத்தில், தங்கள் வெற்றியின் அடியில் இப்படியொரு எண் இருக்கிறது என்று தாங்களும் சேர்ந்து எழுதி வெளியிட்டார்கள். பின்னர் சிற்றூர்களில் நிரந்தரமாக இயங்கும் கண் பரிசோதனை மையங்கள் வந்ததற்கு இந்த அறிதலும் ஒரு காரணம். மோர்க்கடையில் "விற்றது வேறு, கேட்டு வந்தது வேறு" என்று வேறு மையில் எழுதச் சொன்னேனே, அதேதான் இங்கே ஒரு பெரிய நிறுவனத்தின் அளவில் நடந்திருக்கிறது. வந்தவரை எண்ணுவது சுலபம். வராதவரைத் தேடிப்போக முடிவெடுப்பவரிடம் தலைமையும் ஆய்வும் ஒன்றாக இருக்கும்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதைக் குறையாக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004-இல் எழுதிய நூலில், நிர்வாக அனுபவமே இல்லாத இளைஞர்களுக்கு வகுப்பறையில் நிர்வாகம் சொல்லிக்கொடுப்பதைக் கடுமையாக விமர்சித்தார். அவர் 1996-இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய படிப்பில் பணியில் இருக்கும் மேலாளர்கள் மட்டுமே சேரலாம். தங்கள் அனுபவத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து யோசிப்பதுதான் அங்கே பாடம். பெங்களூரு ஐ.ஐ.எம். அதன் பங்காளிகளில் ஒன்று. ஆகவே, மாலை ஆறு மணிக்கு வேலை முடித்துப் புத்தகத்தைத் திறக்கும் உங்களிடம், முழுநேர மாணவரிடம் இல்லாத ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

படிப்பது, எழுதுவது

வாரத்துக்கு ஒரு கட்டுரை போதும். சுருக்கத்தைப் படித்ததும் முடிவுரைக்குத் தாவாமல், எப்படி எண்ணினார்கள் என்ற பகுதிக்குப் போங்கள். யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள், எத்தனை நாள்? அந்த மூன்றுக்கும் விடையை உங்கள் சொந்தத் தமிழில் ஐந்து வரி எழுதுங்கள். ஆங்கில வாக்கியத்தை வெட்டி ஒட்டினால் புரிந்த மாதிரி இருக்கும். தமிழில் எழுதும்போதுதான் எது புரியவில்லை என்று தெரியும். கல்லூரிக்கு ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றாலும் முதல் குறிப்பு தமிழில் இருக்கட்டும்.

கட்டுரைகளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசம். தேசிய டிஜிட்டல் நூலகம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டம் அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பன்னாட்டு ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் வருமா என்று நூலகரிடம் கேளுங்கள். நூலகரோடு பழக்கம் வைத்துக்கொள்வது இரண்டு வருடத்துக்கும் பலன் தரும்.

இலக்கிய மீளாய்வு என்ற அத்தியாயத்தில் இன்னார் இந்த ஆண்டில் இப்படிச் சொன்னார், இன்னார் அந்த ஆண்டில் அப்படிச் சொன்னார் என்று முப்பது பத்தி அடுக்குவது நம் வழக்கம். எட்டுக் கட்டுரை போதும். அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, உங்கள் மோர்க்கடை அந்த முரணில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதுங்கள்.

நகலெடுப்புப் பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் முதுநிலை ஆய்வேட்டுக்கும் பொருந்தும். ஒத்திருப்பு 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் ஆறு மாதத்தில், திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தன் கையால் பதினெட்டுப் பௌர்ணமி எண்ணியவருக்கு இந்த விதியைப் பற்றிக் கவலையில்லை. அந்த எண்கள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் இதைக் கொண்டுபோகும்போது ஒரு தயக்கம் வரும். "மோர்க்கடையா? ஏதாவது கம்பெனி எடுத்துக்கோப்பா" என்பார். வாதாட வேண்டாம். கல்லூரிக்குப் பழக்கமான வடிவத்திலேயே தலைப்பை எழுதிக்கொண்டு போங்கள்: திருவண்ணாமலை கிரிவலப் பாதைச் சிறு வணிகர்களின் அழுகும் சரக்குக் கொள்முதல் முடிவுகள் குறித்த ஆய்வு. கூடவே நோட்டின் ஐந்து பக்கத்தை நகலெடுத்துக் கொடுங்கள். எண் நிறைந்த ஐந்து பக்கத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்கிற பேராசிரியர் குறைவு. கை-ஸ்கொயர் கட்டாயம் வேண்டும் என்றால், மழை இரவுக்கும் தீர்ந்துபோவதற்கும் தொடர்பு உண்டா என்று ஒரு அட்டவணை போடலாம். எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வைவாவில் அதை நீங்களே முதலில் சொன்னால் தேர்வாளர் மதிப்பார்.

வைவா முடிந்த பின்

அறிக்கையின் இரண்டு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டு ஆறு கடைக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். வாசித்துக் காட்டுங்கள். இதற்காக ஒரு பௌர்ணமிக்கு மறுவாரம், கூட்டமில்லாத பிற்பகலைத் தேர்ந்தெடுங்கள். நோட்டு எழுதிய பிள்ளைகளும் இருக்கட்டும். மூல நோட்டின் நகலைக் கல்லூரித் துறை நூலகத்தில் வையுங்கள். கடைப் பெயர் இல்லாததால் அதில் ஆபத்தில்லை. அடுத்த ஆண்டு மாணவர் பத்தொன்பதாவது பௌர்ணமியிலிருந்து தொடரலாம். ஒரு துறை ஐந்து ஆண்டு இப்படித் தொடர்ந்தால் அறுபதுக்கும் மேற்பட்ட பௌர்ணமிகளின் கணக்கு சேரும்; கடைக்காரர்களோடு கோயில் நிர்வாகமும் போக்குவரத்துத் துறையும்கூடக் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஆவணமாக அது வளரும்.

மேலே பிஎச்.டி. போக நினைப்பவர்கள் முதுநிலையில் 55 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. வேலையில் இருந்தபடி பகுதிநேரமாகச் செய்ய, பணிபுரியும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். நேர்காணலில் ஆய்வு முன்மொழிவு கேட்பார்கள். புதிதாக எதையும் தேட வேண்டாம். நோட்டை எடுத்து, தீர்ந்துபோன இரவுகளுக்கு வேறு மையில் எழுதினீர்களே, அந்த வரிகளை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதுங்கள். கடை கட்டிய பிறகு வந்து திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று மதிப்பிடும் முறை எது? அதிலிருந்தே உங்கள் முன்மொழிவைத் தொடங்கலாம்.